மைக்கில் வராத பெயர்

தலாஸ்,
12 செப்டம்பர் 2006

என் செல்ல மகள் பேர்மெத்துக்கு,

நலமா? மாஸ்கோவில் இப்போதே குளிராமே. கழுத்தில் கம்பளி சுற்றிக்கொள்.

நேற்றைய கோக்-போரு குதிரை ஆட்டத்தில் உன் கணவன் எர்கின் ஐந்து முறை செத்த ஆட்டின் உடலைத் தூக்கிவந்து எதிரணிக் குழியில் போட்டான். குதிரைகள் கிளப்பிய புழுதியில் ஆளே தெரியவில்லை. தோளை வைத்தே கண்டுபிடித்துப் பெயரைக் கூவினேன். சந்தையில் கறிக்காரன் கேலி செய்கிறான்: "மாமனாரு கத்துனாத்தான் மருமவன் போடுறான்!"

இருபத்தாறு வருஷமாக நம் ஊர் வானொலியில் ஆட்டம் சொல்கிறேன். இப்படி ஒரு வீரனைக் கண்டதில்லை. அவனை விட்டுவிட்டு, என்னிடம்கூடச் சொல்லாமல் ரயிலேறிவிட்டாயே. போன வாரம் என் முன்னால் உட்கார்ந்து அழுதான் பாவம். கோபித்தது போதும், வந்துவிடு.

உன் அப்பா,
சுயூன்பாய்

மாஸ்கோ,
30 செப்டம்பர் 2006

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். கம்பளி வாங்கிவிட்டேன்.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவர் அழுதார் என்று படித்த பிறகு முடியவில்லை.

உங்கள் வர்ணனையை எல்லாம் அவர் கேசட்டில் பிடித்து வைத்திருப்பார். பெருமைக்காக என்று நினைத்திருப்பீர்கள். வீட்டில் அதைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினால் அடி விழப்போகிறது என்று அர்த்தம். என் அலறல் அக்கம்பக்கத்தில் கேட்கக் கூடாதல்லவா. "உங்கப்பனே என்னைச் சிங்கம்ங்கிறான், நீ யாருடி?" என்பார். கேசட்டில் நீங்கள் "எர்கின்! எர்கின்!" என்று கூவிக்கொண்டிருந்தபோதுதான் என் மணிக்கட்டு ஒடிந்தது. படியில் விழுந்தேன் என்று உங்களிடம் சொன்னது பொய்.

உங்கள் மேல் குற்றமில்லை அப்பா. ஆனால் உங்கள் குரலை நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது. அதனால்தான் போன் செய்வதில்லை.

உங்கள்,
பேர்மெத்

தலாஸ்,
17 அக்டோபர் 2006

மகளே,

படித்தேன். அந்தக் கட்டுப்போட்ட கைக்கு நான்தானே ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தேன்!

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போனேன். அவன் ஆட்டுடலைக் குழியில் போட்டான். வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. "சிவப்புச் சட்டைக்காரர்" என்றேன். இரண்டாவது முறையும் அப்படியே. நிலைய இயக்குநர் ஓடிவந்து, "என்னய்யா ஆச்சு உமக்கு? பேரைச் சொல்லும், ஊரே காத்துக்கிட்டிருக்கு!" என்றார்.

மைக்கிலேயே சொன்னேன்: "எம் மகளை அடிச்சுக் கையை ஒடிச்சவன் பேரை நான் சொல்ல மாட்டேன்."

குதிரைகள் மூச்சுவிடும் சத்தம்தான் கேட்டது. அவன் சாட்டையோடு என்னை நோக்கி வந்தான். அவனுடைய அணிக்காரர்களே குறுக்கே குதிரையை விட்டு மறித்தார்கள்.

மாலையில் வேலை போய்விட்டது. போகட்டும். உனக்காக ஊரறிய நியாயம் கேட்டுவிட்டேன்.

உன் அப்பா

மாஸ்கோ,
2 நவம்பர் 2006

அப்பா,

உங்கள் கடிதத்துக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் சந்தையில் பாதிப் பேர் தலாஸ்காரர்கள். திங்கட்கிழமை காலையில் துணிக்கடை அக்கா என்னைப் பிடித்து நிறுத்தி, "எந்தக் கைடி, காட்டு" என்று சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தாள். சுற்றிலும் ஆட்கள். கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

யாரிடமும் சொல்லாததை உங்களிடம் மட்டும் சொன்னேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவர் உங்கள் சத்தத்தைக் கூட்டி என்னை அமுக்கினார். நீங்கள் எனக்காகத்தான் பேசினீர்கள், தெரிகிறது. ஆனால் அப்போதும் ஊர் கேட்டது உங்கள் குரலைத்தான்.

அணிக்காரர்கள் மறித்தார்கள் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்து, அவருடைய ஆட்களே நம்பினார்களே என்று அழுதேன். அதையும் மறைக்க மாட்டேன். இப்போதைக்கு எழுதாதீர்கள்.

பேர்மெத்

தலாஸ்,
21 நவம்பர் 2006

மகளே,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

நேற்று தலைநகரிலிருந்து தொலைக்காட்சிக்காரப் பெண் ஒருத்தி கேமராவோடு வந்தாள். "உங்க பொண்ணைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க ஐயா, நாடே கேக்கும்" என்று மைக்கை நீட்டினாள். மைக்கைக் கண்டால் என் வாய் தானாகவே திறந்துகொள்ளும். நேற்றும் திறந்தது.

"அது அவ கதைம்மா. அவளைக் கேக்காம நான் பேச மாட்டேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

அடுத்த மாதம் திரும்பி வருவார்களாம். என்ன சொல்லட்டும்? நீ சொல்வதைச் சொல்கிறேன். ஒன்றும் வேண்டாம் என்றால், ஒன்றுமில்லை.

அப்பா