அவன் சட்டையைத் தேய்த்தவள்

என் மகளின் அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முதுகுவலிக்குத் தைலம் தடவுகிறீர்களா, வழக்கம்போல மறந்துவிட்டீர்களா?

கோபத்தில் எழுதுகிறேன், பயப்பட வேண்டாம். நேற்று எங்கள் சலவைக்கூடத்தைப் பார்க்க முதலாளி வந்தார். துவைக்கிறவர் இவர், வண்டி ஓட்டுகிறவர் இவர் என்று சூப்பர்வைசர் ஒவ்வொருவராகக் காட்டினான். என்னிடம் வந்ததும், “இது ஒண்ணும் புரியாத பொம்பளை” என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தான். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

ஃபோனில் பாடம் நடத்தினீர்களே, தமிழில் ‘துணி துவைக்கிற பொம்பளை’ என்று ஆள் கடைசியில் வருவார், இங்கிலீஷில் ஆளை முதலில் நிறுத்தி, ‘ஹூ’ போட்டு மற்றதைப் பின்னால் மாட்டு என்று. மாட்டினேன். “நீங்க போட்டிருக்கிற சட்டையைத் தேய்ச்ச பொம்பளை நான்தான்” என்று இங்கிலீஷில் அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். முதலாளி அவன் சட்டையையே பார்த்தார்.

பக்கத்து இஸ்திரி மேசைக்காரி, “வாய மூடுடி, வேலை போயிடும்” என்று கிள்ளினாள். போகவில்லை. பாய்லர் பக்கம் மாற்றிவிட்டான், அவ்வளவுதான். நீங்களும் “அனுசரிச்சுப் போ” என்று ஆரம்பித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அங்கே அனல் அடிக்கிறது. முகம் துடைக்கப் பருத்தித் துண்டு ஒன்று அனுப்புங்கள். பிள்ளையை அம்மாவைப் பற்றி இங்கிலீஷில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ‘மை மதர்’ போட்டு, ‘ஹூ’ போட்டு, மீதியை அவளே யோசிக்கட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அவள் தப்பாக எழுதினாலும் திருத்தாமல் அனுப்புங்கள்.