அரசுத் தரப்பு முதல் சாட்சி, எதிரிக்காகக் கொடுக்கும் மனு

அனுப்புநர்:
கோ. ஆதிகேசவன்,
தலைவர், பட்டு நெசவுத் தொழிலாளர் சங்கம்,
முன்னாள் நகர்மன்ற உறுப்பினர்,
சின்னத்தோப்புத் தெரு, காஞ்சிபுரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
செங்கற்பட்டு மாவட்டம், காஞ்சிபுரம்.

பொருள்: பேருந்தை மறித்ததாகக் கங்கையம்மாள், க/பெ. சின்னப்பையன், மீது தொடரப்பட்ட வழக்கைத் திரும்பப் பெறவும், இயலாதெனில் மனுதாரரைக் குற்றஞ்சாட்டப்பட்ட முதல் எதிரியாகச் சேர்க்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதுவரை தங்கள் அலுவலகத்துக்கு நான் கொடுத்த மனுக்கள் எல்லாம் பிறர் மீதான புகார்கள். இது என் மீதே நான் கொடுக்கும் புகார். பழக்கமில்லாத வேலை, குறையிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. நான் தறிக்குழியில் வளர்ந்தவன். கூலிப் போராட்டத்தில் இருமுறை வேலூர்ச் சிறைக்குப் போனேன். அந்தப் பெயரில்தான் நகர்மன்றத்துக்கு வந்தேன். சட்டமன்றத் தேர்தலில் தோற்றபோதும் மேடைக்கும் மாலைக்கும் குறைவில்லை. தறியில் உட்காருவதைத்தான் விட்டுவிட்டேன்.

2. எங்கள் தெரு வழியே பேருந்து வரவேண்டும் என்று நகர்மன்றத்தில் பேசி, அலையாய் அலைந்து வாங்கிக் கொடுத்தவன் நான். தறியில் ஏற்றுமுன் பாவு எனும் நெடுக்குப் பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தடவிக் காயவைப்பது எங்கள் வழக்கம். பாவு நீட்டிய தெருவில் சாவு ஊர்வலம்கூட வேறு வழியே திரும்பிப் போகும். ஆகவே காலை வேளையில் மட்டும் பேருந்து அடுத்த தெருவில் போகட்டும் என்று பெண்கள் வந்து கேட்டார்கள். "மொதல்ல பஸ்ஸு வரட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். பிறகு பார்க்கவில்லை.

3. சென்ற பங்குனியில் ஒருநாள் காலை, சென்னையில் தொழிலாளர் உரிமை மாநாட்டுக்குப் போக அதே பேருந்தில் ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் இருந்தேன். தெருவில் கங்கையம்மாளின் கணவர் சின்னப்பையன் வீட்டுப் பாவு நீண்டிருந்தது. கஞ்சி காயவில்லை. ஈரத்தோடு சுருட்டினால் இழைகள் ஒட்டிப் பாழாகிவிடும். இது எனக்குத் தெரியும். ஓட்டுநர் வெளியூர்க்காரர், ஆனாலும் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். எனக்குத்தான் பொறுமையில்லை. "நீ வந்துக்கினே இருந்தா அவங்களே சுருட்டிடுவாங்கப்பா, எடு" என்றேன். தலைவர் சொல்கிறாரே என்று அவர் எடுத்தார். அவர்களால் சுருட்ட முடியவில்லை. பாவு சக்கரத்தில் சுற்றி அறுந்தது.

4. கங்கையம்மாள் கத்தவில்லை, கல்லெடுக்கவில்லை. பேருந்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் இறங்கிப் போய் எழுந்திருக்கச் சொன்னேன். "குந்திட்டா எழுந்திரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே தலைவரே சொல்லிக் குடுத்தீங்க?" என்றார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. காவலர்கள் வந்து அவரைக் கூட்டிப் போகையில் நான் ஒதுங்கி வழிவிட்டேன். வாடகைக் கார் ஒன்றில் ஏறி மாநாட்டுக்குப் போய்ப் பேசினேன். நல்ல கைதட்டல். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

5. விசாரித்த அதிகாரியிடம், அந்த அம்மாள் காரணமின்றிப் பேருந்தை மறித்தார் என்று வாக்குமூலம் கொடுத்தேன். வண்டியை எடுக்கச் சொன்னது நான் என்பதைச் சொல்லவில்லை. அதன்பேரில் நான் அரசுத் தரப்பு முதல் சாட்சி. பாவு பாழானதால், நெய்யப் பட்டு கொடுத்த முதலாளி அந்த வீட்டுக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார். தறி சும்மா கிடக்கிறது.

6. வருகிற திங்கட்கிழமை விசாரணை. நேற்று கங்கையம்மாள் என் வீட்டுக்கு வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து உள்ளறையில் இருந்துகொண்டேன். அவர் என் மனைவி அலமுவிடம் சொல்லிவிட்டுப் போனது இது: "தலைவரு சாட்சி சொல்ல வர்றாராமே! இனிமே எனக்கு வக்கீலு எதுக்கும்மா? வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்." நான் எந்தப் பக்கத்துச் சாட்சி என்பது அவருக்குத் தெரியவில்லை. வெளியே வந்து சொல்ல எனக்குத் தைரியமும் வரவில்லை. இரவெல்லாம் புரண்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆகவே, என் வாக்குமூலம் உண்மையை மறைத்தது என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். வழக்கைத் திரும்பப் பெறத் தாங்கள் ஆவன செய்ய வேண்டும். சட்டத்தில் அதற்கு இடமில்லையென்றால், பேருந்தை ஓட்டச் சொன்ன என்னை முதல் எதிரியாக நிறுத்த வேண்டும். ஓட்டுநர் மீது நடவடிக்கை வேண்டாம். காலையில் பேருந்தை வேறு தெருவில் விடவும் உத்தரவிட வேண்டுகிறேன். என் பதவியையும் பழைய சிறைவாசத்தையும் கருதிச் சலுகை எதுவும் காட்ட வேண்டாம் என்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 15.6.1972

தங்கள் நடவடிக்கைக்குக் காத்திருக்கும்,
கோ. ஆதிகேசவன்

நகல்: திருமதி கங்கையம்மாள், சின்னத்தோப்புத் தெரு. (அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இன்று மாலை நானே போய்ப் படித்துக் காட்டுகிறேன்.)