பதின்மூன்றாவது வரியில் மல்லிகா

"யாருக்கும் புரியக் கூடாதுன்னே புரோகிராம் எழுதினா இன்னா தப்பு வாத்தியாரே?" என்று ஒருமுறை கேட்டாய். நீ போய்ச் சேர்ந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. இன்று மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறையைக் கடந்தபோது, சூடான இரும்பில் எண்ணெய் படும் வாசனையோடு அந்தக் கேள்வியும் வந்தது. உன் விரல்களில் எப்போதும் அந்த வாசனைதான். கரையான்சாவடி கம்ப்யூட்டர் சென்டரின் கீபோர்டிலும் அது ஒட்டியிருக்கும்.

தொண்ணூறுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் அவை. மின்விசிறி மெல்லச் சுற்றும். கருப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மிதக்கும். பள்ளியில் கணக்கு நடத்திய நானும் லேத் ஓட்டிய நீயும், ஆளுக்கு ஒரு மணி நேரம், ஒரே மிஷினில் சி என்ற கணினி மொழி பழகினோம். என் புரோகிராம் பாடநூல் போலிருக்கும். நீயோ வேண்டுமென்றே சிக்கலாக்குவாய். இடைவெளி கிடையாது, ஒழுங்கான பெயர் கிடையாது. லேத்தடியில் குவிந்த இரும்புச் சுருள்தான். ஓடவிட்டால் அதற்குள்ளிருந்து ஏதோ ஒன்று அழகாக எழுந்து வரும்.

ஒரு ஞாயிறு மல்லிகாவை அழைத்து வந்தாய். வாராவாரம் நீ வீட்டில் இல்லாததில் உன் மனைவிக்குக் கோபம். "இன்னிக்கு அவளுக்குப் புடிக்கலன்னா, இத்தோட நான் வரமாட்டேன் வாத்தியாரே. சொல்லிட்டேன் அவளாண்ட" என்றாய். அவள் பெயர் திரையில் வர வேண்டும். வந்ததோ அடைப்புக்குறிகளும் சம்பந்தமில்லாத எழுத்துகளும்.

"இதுக்கா ஊட்ட உட்டுட்டு ஓடியாறே?" என்றாள்.

அந்தப் புரோகிராம் இருந்த உன் ஃப்ளாப்பி டிஸ்க்கை முந்தின வாரம் வாங்கிப்போனவன் நான். நோட்டுத் திருத்திய கை சும்மா இருக்கவில்லை. வரிகளைப் பிரித்து, அடுக்கி, அதிலேயே சேமித்துவிட்டேன். அதை உன்னிடம் சொன்னேன்.

"கோணலா கீதுன்னு நிமித்திட்டியா? வரி நம்பர்லதான்யா எழுத்தே கீது!" என்று தலையில் கைவைத்தாய்.

வரியின் எண்ணே எழுத்தின் எண்: பதின்மூன்றாவது வரியென்றால் ஆங்கிலத்தின் பதின்மூன்றாவது எழுத்து, மல்லிகாவின் எம். அதற்கு மேலே நான் இரண்டு வரி கூட்டினால் அது பதினைந்தாவது எழுத்து, ஓ. அவ்வளவு எளிது. எனக்குத்தான் தெரியவில்லை.

"சாருக்கே புரியலயா?" மல்லிகா முதல்முறையாகச் சிரித்தாள். "அப்ப நீ பெரிய ஆளுதான்யா!"

என் ஒரு மணி நேரத்தையும் உனக்குத் தந்தேன். நீ கண்ணை மூடிச் சொல்லச் சொல்ல, பிரித்ததையெல்லாம் சேர்த்தேன். பச்சை ஒளியில் அவள் பெயர் மலர்ந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இன்னொரு தபா போடு."

அதன்பின் எந்த மாணவனின் விடையையும் எடுத்தவுடன் தப்பென்று நான் அடித்ததில்லை. "ஏன் இப்படிப் போட்டே?" என்று முதலில் கேட்பேன். உன்னிடமிருந்து வந்து என்னிடம் தங்கியது அதுதான். இதைப் படிப்பவருக்கும் அதையே சொல்கிறேன்: அடுத்தவர் எழுதியது கோணலாகத் தெரிந்தால், திருத்தும் முன் அதை அப்படியே ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.