உங்கள் நாதஸ்வரத்தைக் கொடுத்துவிட்டேன்

இன்று காலை கத்தரிக்காய் வதக்கத்தான் நல்லெண்ணெய்ப் போத்தலைத் திறந்தேன். வாசனை வந்ததும் கை தானாகவே பழைய துணித் துண்டைத் தேடிப் போனது. வெள்ளிக்கிழமை அல்லவா, குழலுக்கு எண்ணெய் போடும் நாள். குழல் பெட்டி இருந்த மேசை வெறுமையாகக் கிடந்தது. சில மாதமாகிவிட்டது; நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் இன்னும் எப்படி இருப்பேன்?

கலியாணமான முதல் வருடம், உங்கள் நாதஸ்வரத்துக்கு எண்ணெய் போடும் வேலையை நானாகத்தான் கேட்டு வாங்கினேன். கோழி இறகை எண்ணெயில் நனைத்துக் குழலுக்குள் விட்டு, மெல்லச் சுழற்றி எடுக்கக் காட்டித் தந்தீர்கள். துளைகளை எண்ணெய் அடைக்காமல் துடைத்து, நிழலில் சாய்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எனக்கு எங்கே பொறுமை? சீக்கிரம் காயட்டும் என்று முற்றத்து வெயிலில் வைத்துவிட்டேன். மத்தியானம் பார்த்தால் அடிப்பக்கத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அன்று மாலை வவுணதீவுக் கோயிலில் நீங்கள் ஊத வேண்டும். அழுதுகொண்டே கொண்டுவந்து நீட்டினேன். நீங்கள் ஏசவில்லை. தேன்மெழுகை உருக்கித் தடவி, நூல் சுற்றி, ஊதிப் பார்த்தீர்கள்.

“அவசரப்படாத புள்ள. அது எண்ணெயக் குடிச்சி முடிக்கட்டும்.”

அதன் பிறகு முப்பது வருடம் நான் அவசரப்படவே இல்லை.

நீங்கள் கண்மூடிப் போன பிறகும் எண்ணெய் போடத் தவறவில்லை. பிள்ளைகள் இல்லாத வீட்டில் பேச வேறு யார் இருக்கிறார்கள்? இறகைச் சுழற்றிக்கொண்டே “இண்டைக்கு நல்ல மழை மச்சான்” என்பேன். மீன்காரன் வரவில்லை என்பேன். வாரத்தில் நான் வாய்விட்டுப் பேசியது சில வேளை அவ்வளவுதான்.

உங்களோடு சோடியாக ஊதிய சீலன் மூன்று தரம் வந்தான். இரண்டு தரம் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே போனான். மூன்றாம் தரம்தான் வாய் திறந்தான். கரடியனாற்றுக் கோயிலில் திருவிழாவாம், அவனுடைய குழல் பழுதாகிவிட்டதாம்.

“அண்ணன்ட குழலத் தாங்க அக்கா.”

“ஏலா தம்பி. எனக்கு அதுதான் துணை.”

“எண்ணெய் மட்டும் போதாதக்கா. மூச்சும் போகோணும்.”

“அப்ப நான் இவ்வளவு நாளும் செஞ்சதெல்லாம் வீணா?” என்று கத்திவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை உள்ளே விட்ட இறகு பிசுபிசுத்து வந்தது. முந்திய வாரத்து எண்ணெயையே குழல் குடிக்கவில்லை; சீலன் சொன்னது சரிதான். வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மறுநாள் பெட்டியோடு பஸ் ஏறிக் கரடியனாற்றுக்குப் போனேன். சீலன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

சாமி வீதிக்கு வந்ததும், நீங்கள் வழக்கமாக ஊதும் தோடி ராகத்தைத்தான் எடுத்தான். இளைப்பு வந்த பிறகு, அதில் மேலே ஏறும் ஓர் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி மூச்செடுப்பீர்கள். ஊரார் அதையும் வாசிப்பின் அழகு என்று நினைத்தார்கள். எனக்குத்தான் தெரியும். சீலன் அங்கே நிற்காமல் ஏறிப் போனான். கூட்டத்துக்குள் நின்ற நான் அந்த இடத்தில் பலமாக மூச்சை இழுத்தேன். பக்கத்தில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

“என்னக்கா, சுகமில்லையா?”

“ஒண்டுமில்ல புள்ள” என்றேன்.

இப்போது எந்தக் கோயிலில் தோடி கேட்டாலும் அந்த இடம் வருகிறது மச்சான். எல்லாரும் கடந்து போகிறார்கள். நான் மட்டும் நின்று, உங்களுக்காக ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு போகிறேன்.