சோக்கை உள்ளே தள்ளுகிறவர்

அவனியாபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மாப்ள அருள்பாண்டிக்கு,

உன் தாய்மாமன், மதுரை மாநகரின் ஈடிணையற்ற கார்புரேட்டர் வைத்தியன் மலையாண்டி, கழுவியும் போகாத கிரீஸ் கையோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மண்டையைப் பிளக்கிற வெயிலும் சௌக்கியம். அங்கே டொரன்டோவில் நீயும் உன் பனியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், நான் போனை எடுத்தாலே அக்கா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள், இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

அப்பா போன பிறகு அந்தப் பழைய பத்மினி கார் சும்மாதானே நிற்கிறது, யாருக்காவது கொடுத்துவிடுங்கள் மாமா என்று சொன்னாய் அல்லவா, அதன்படி காளவாசலிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். மாப்ள, கார் சாமி வந்த மாதிரி ஆடியது. அது கக்கிய கரும்புகையில் நம் ஏர்போர்ட்டுக்கு வந்த விமானம் வழி தெரியாமல் தூத்துக்குடிக்கே திரும்பிப் போயிருக்கும். வந்தவர் "அண்ணே, சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, வாரேன்" என்று சட்டையை உதறிக்கொண்டே போய்விட்டார். எனக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் குளிப்பாட்டினேன், பெட்ரோல் வருகிற ஜெட் துளையை ஊதி ஊதி என் கன்னம் பூசணிக்காய் ஆனது, மிதவையை ஆட்டிப் பார்த்தேன், மாட்டிய பிறகு அடியில் எங்காவது காற்று இழுக்கிறதா என்று தண்ணீர் தெளித்தும் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. கடைசியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் நாலும் அடுப்புக்கரி. பெட்ரோலை அளவுக்கு மேல் குடிக்கிற இன்ஜினில்தான் அப்படிக் கரி பிடிக்கும். மாதக்கணக்கில் நிற்கிற கார் எப்படிக் குடிக்கும்? பேட்டரி புதுமாப்பிள்ளை மாதிரி துடிப்பாக இருக்கிறது, உன் அப்பா காரியத்துக்கு அலைந்தபோது நான் ரொப்பிய டேங்க் அடிமட்டத்துக்கு வந்து கிடக்கிறது, ஓடிய கிலோமீட்டர் மட்டும் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. எவனோ பெட்ரோல் திருடுகிறான் என்று முடிவு கட்டி, மறுநாள் விடிந்ததும் கையில் ஸ்பேனரோடு வந்து வேப்பமரத்துப் பின்னால் பதுங்கினேன்.

வந்தது உன் அம்மா. குளித்து, சேலை மாற்றி, எப்போதும் உட்காருகிற இடது பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே எட்டி, குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற சோக்கை முழுசாக இழுத்துச் சாவியைத் திருப்பினாள். அப்புறம் வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி புகையைக் கக்கித் திணறித் தானாக அணைகிற வரைக்கும் பார்வையை எடுக்கவில்லை.

நான் போய் நின்றதும் அவள் பதறவில்லை. "திருப்பரங்குன்றம் கிளம்புறப்போ அவரு செருப்பு மாட்டுற நேரத்துல நான்தான்டா ஸ்டார்ட் பண்ணி வைப்பேன். இழுக்குறது என் வேலை, வந்து உள்ள தள்ளுறது அவரு வேலை" என்றாள். அடி கிறுக்கி, இன்ஜின் சூடானதும் சோக்கைத் தள்ளணும், இல்லேன்னா இப்படித்தான் கரி அடைக்கும், வா சொல்லித் தாரேன் என்று நான் பெரிய வாத்தியார் போல ஆரம்பித்தேன். "தெரியாமலாடா இத்தன வருஷம் பக்கத்துல உக்காந்திருந்தேன். நானே தள்ளிட்டா அவரு வந்து செய்ய என்னடா மிச்சமிருக்கு?" என்றாள். ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

காளவாசல்காரரிடம் வண்டியில் முனி இருக்கிறது, ராகு காலத்தில் அடிக்கும் என்று சொல்லிவிட்டேன், இனி அந்தப் பக்கமே வரமாட்டார். நீயும் விற்கிற பேச்சை எடுக்காதே. கரி பிடித்தால் பிடிக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை தோறும் கறிக்குழம்பு சாப்பிட வருகிற சாக்கில் பிளக்கைத் துடைத்து, பெட்ரோலும் ஊற்றிவிட்டுப் போகிறேன். வண்டி நிற்பது வெட்டவெளியில்தான், புகையைப் பற்றிப் பயப்படாதே. நீ வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் பனியில் திரியாதே, அப்பா வருஷத் திதிக்கு இப்போதே லீவு சொல்லி வை. மீனாட்சி உன்னை ஒரு குறையுமில்லாமல் காப்பாற்றட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இங்கே விடிகிற நேரத்தில் நீ போன் பண்ணும்போது பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டால் அது என்ன என்று கேட்காதே. அணைகிற வரைக்கும் நீயும் லைனிலேயே இரு.

இப்படிக்கு,
உன் மாமன்
மலையாண்டி