பத்தாம் பாட்டு வரை

அன்புள்ள மூத்தவனுக்கு,

இறையருளால் நலம். அக்குபஞ்சர் ஊசி குத்திக்கொள்ளப் போகக்கூடாது என்று நீ தொலைபேசியில் சொன்னாய். அதற்கு இப்போது பதில் எழுதுகிறேன்.

"மாத்திரைய வீட்டுக்குள்ள கமுக்கமா போட்டுக்கோங்கம்மா. அங்க போய் தெருவே பாக்க உக்காந்தா என் மானம்தான் போகுது" என்றாய். எச்.ஐ.வி. மாத்திரையை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஊசி அதற்கு மாற்று என்று அங்கே எவரும் சொல்லவுமில்லை. என் பாத எரிச்சல் அதனால் தணிகிறது. நின்றபடி வழிபட முடிகிறது.

முதல் நாள், "தொடாதேம்மா, எனக்கு..." என்று காலை இழுத்துக்கொண்டேன். "தெரியும் பாட்டி. காலக் குடுங்க" என்று அந்த வைத்தியப் பெண் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உன் வீட்டில் என் தம்ளர் தனியே கவிழ்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

ஊசி ஏறும்போது பதிகம் ஓதினேன். இப்போது அவளுக்குக் கடிகாரமே வேண்டாம்; பத்தாம் பாட்டு முடிந்ததும் ஊசிகளை எடுத்துவிடுவாள். நேற்று ஆறாம் பாட்டிலிருந்து எட்டுக்குத் தாவிவிட்டேன். பக்கத்து நாற்காலியில் ஊசிகளோடு இருந்த லாரி ஓட்டுநர், "பாட்டி, ஒண்ண முழுங்கிட்டீங்க. எங்ககிட்டயேவா?" என்றார்.

இந்நோய் எவர் வழியாக என்னிடம் வந்ததென்று நீ அறிவாய். அவர் படம் உன் கூடத்தின் நடுவில் மாட்டியிருக்கிறது. இருக்கட்டும். நான் மட்டும் எதற்காக ஒளிய வேண்டும்?

நாளை முதல் ஜன்னலோர நாற்காலியைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். உரக்கத்தான் ஓதுவேன். அவ்வழியே போக நேர்ந்தால் உனக்கும் கேட்கும். பத்தாம் பாட்டுக்குள் உள்ளே வந்தால் உட்கார இடமுண்டு.

உன்னைப் பெற்றவள்