உட்கார்ந்தே இருந்த பறவைகள்

என் அருமை மச்சான் யோகனுக்கு,

கோடைக் கச்சான் காற்று அடங்கிவிட்டது. வாவியில் தண்ணீர் வற்றி, முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் மணல் திட்டு முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. நீ உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் கமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, என் வீட்டுப் படலையில் நின்று ஹோர்ன் அடித்திருப்பாய். என் தங்கச்சி தவமணியைக் கட்டிக்கொண்டதோடு என் பின்னேரங்களையும் சேர்த்துக் கொண்டுபோன ஆள் நீ.

நல்ல செய்தியோடு எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. இந்த விஷயத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. உன்னைப் பற்றியது என்பதால் உனக்கே சொல்கிறேன்.

நம்முடைய புகைப்படக் கழகம் உன் பெயரில் ஒரு நினைவு நிகழ்ச்சி ஏற்பாடு செய்தது. கோடை முடிகிற நேரத்தில் எல்லோருமாகக் கரைக்குப் போய்ப் படம் எடுப்பது. சிறந்த படத்துக்கு உன் பெயரில் பரிசு, அதைக் கொடுப்பது உன் மனுசி தவம். அந்தப் படம் உன் பெயரோடு கழக மண்டபத்தில் எப்போதும் தொங்கும். கேட்டபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தவம் அன்றைக்கே நீ வாங்கிக் கொடுத்த நீலச் சீலையை அலுமாரியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டாள்.

கரைக்குப் போனால் எல்லோருக்கும் ஒரே டீசேட், முதுகில் உன் முகம். அச்சடித்தவன் உன் மூக்கை இழுத்து நீட்டியிருந்தான், அதையாவது மன்னிக்கலாம். சோற்றுப் பார்சலைத் தின்று முடித்த ஒருவர், கை கழுவத் தண்ணீர் இல்லாமல், முன்னால் நின்றவரின் முதுகில், உன் கன்னத்தில், குழம்புக் கையைத் துடைத்தார். விளையாட்டாம். எல்லோரும் சிரித்தார்கள்.

கரையைப் பற்றி என்ன சொல்ல? தண்ணீர் பின்வாங்கிய இடமெல்லாம் கோழி இறகும் பிள்ளைகளின் பம்பர்சும் வெட்டி எறிந்த மீன் குடலும். நாம் போன காலத்திலும் குப்பை இருந்தது, இவ்வளவு இல்லை. இவர்கள் அதைக் காலால் ஓரமாகத் தள்ளி, அதற்கு மேலே தாங்கள் சோறு தின்ற லஞ்சீற்றையும் எறிந்துவிட்டுச் சூரியனைப் படம் எடுத்தார்கள். படத்தில் எல்லாம் பொன்னாகத்தானே விழும், அவர்களுக்கு அவ்வளவே காணும்.

மணல் திட்டில் ஆலாக் குருவிகள் இருந்தன. வெள்ளைச் சிறகும் கறுத்த தலையுமாக, நிறைய. உன் படங்களில் ஒரு பறவையும் பறந்ததில்லை, நினைவிருக்கிறதா? முழங்கால் தண்ணீரில் மணிக்கணக்காக நிற்பாய், அவை உட்கார்ந்தே இருக்கும், நீயும் உட்கார்ந்த படத்தையே எடுத்துக்கொண்டு வருவாய். உன் குருவிகளுக்கெல்லாம் வாதமா என்று நான் கேட்பேன். "அதுகள் களைச்சுப் போய் இருக்குதுகள் மச்சான். நமக்காக எழும்பணுமா?" என்பாய்.

இந்தப் பகிடி கழகம் முழுக்கத் தெரிந்த பகிடி. அதனால்தான் செயலாளர் ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். நீ அறிந்த ஆள் இல்லை, நீ போன பிறகு வந்தவர். பெரிய லென்ஸ், அதைவிடப் பெரிய குரல். யோகன் அண்ணனுக்குக் கிடைக்காத படத்தை இன்றைக்கு அவருக்காக எடுப்போம் என்று சொல்லி, பைக்குள் கையை விட்டுச் சீனவெடிக் கட்டு ஒன்றை எடுத்தார்.

நான் வேண்டாம் என்றேன். சத்தமாகவே சொன்னேன். குருவி பறக்கத்தானே படைத்தது என்று யாரோ சிரித்தார்கள். அதற்குள் வெடி திட்டில் போய் விழுந்துவிட்டது.

திட்டு முழுவதும் எழும்பியது மச்சான். வானம் வெள்ளையாகப் போனது. எல்லோரும் அண்ணாந்து கமராவை அமுக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்கு மேலே பார்க்க மனம் வரவில்லை. கீழே, பிந்திப் பொரித்த குஞ்சுகள் சில, மணலின் நிறத்திலேயே, பறக்கத் தெரியாமல் அங்கும் இங்கும் ஓடின. குப்பையில் நின்ற காகங்கள் எழும்பி வந்தன. தாய்கள் திரும்பி இறங்குவதற்கிடையில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு குஞ்சைக் காகம் காலால் மிதித்துக்கொண்டு கிழித்தது. பக்கத்தில் வெடிக் கடுதாசி சிதறிக் கிடந்தது. அதை நான் படம் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்காதே.

செயலாளர் என் தோளைத் தட்டி, படம் நல்லா விழுந்ததா என்று கேட்டார். அவருடைய விரலில் வெடிமருந்து மணத்தது. சீ என்று வந்தது எனக்கு. அவர் முகத்தில் துப்ப வேண்டியதை மணலில் துப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவருடைய படத்துக்கே பரிசு. அதற்குப் பெயர் 'யோகனின் கனவு'. நீ எந்தக் காலத்தில் அப்படிக் கனவு கண்டாய்?

விழாவுக்கு முதல்நாள் நான் எடுத்த படத்தைத் தவத்திடம் காட்டினேன். காட்டலாமா விடலாமா என்று நெடுக யோசித்தேன். உனக்கு ஊரில் நடக்கிற முதல் மரியாதை இது, அதை அவளிடமிருந்து பறிக்க நான் யார்? ஆனால் அவள் தன் கையால் அந்தப் பரிசைக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கத்தான் முடியுமா? அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. "வெடி போடக்குள்ள அவர்ட முகம் போட்ட சட்டையத்தான் போட்டிருந்தாங்களா அண்ணன்?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

இனி அவள் விழாவுக்கு வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் நீலச் சீலையை உடுத்துக்கொண்டு எனக்கு முன்பே படலையில் நின்றாள்.

மண்டபத்தில் செயலாளர் உன்னைப் பற்றி நீளமாகப் பேசினார், கண்ணைக்கூடத் துடைத்தார். பிறகு படத்தின் திரையை விலக்கினார்கள். உண்மையைச் சொன்னால் அழகான படம். அதனாலேயே எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. சட்டத்தின் அடியில் பித்தளைத் தகட்டில் உன் பெயர்.

தவத்தைக் கூப்பிட்டார்கள். அவள் பரிசைத் தொடவில்லை. மைக் இருப்பதைக் கவனிக்காமல், வீட்டில் பேசுகிற குரலில் செயலாளரிடம் சொன்னாள்.

"படம் உங்கட. பேர் என்ட மனுசன்ட. அதக் கழட்டித் தாங்க."

செயலாளர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். மறுகா, விழா முடியப் பேசுவோம் தங்கச்சி என்றார். "மறுகா இல்ல. இப்ப தாங்க," என்று கையை நீட்டியபடியே நின்றாள். மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் எடுத்த படத்தை அவர்களுடைய மேசையில் வைத்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் எழும்பி வந்து பார்த்தார்கள். கடைசியில் யாரோ கத்தி கொண்டுவந்து தகட்டை நெம்பிக் கொடுத்தார்கள். நாங்கள் தேநீருக்கு நிற்கவில்லை.

தகடு இப்போது உன் கமராப் பைக்குள் இருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் தவமும் நானும் கரைக்குப் போனோம். லஞ்சீற்றையும் வெடிக் கடுதாசியையும் சாக்கில் அள்ளினோம். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கை இன்னும் நாறுகிறது. ஆலாக்கள் திட்டுக்குத் திரும்பியிருந்தன, முன்னைப்போல இல்லை, கொஞ்சம்தான். நாங்கள் கிட்டப் போகவில்லை. தவம் உன் கமராவை எடுத்து, எதை அமுக்குவது என்று என்னிடம் கேட்டுக் கேட்டு, ஒரு படம் எடுத்தாள். கை ஆடி, படம் கலங்கிப்போய் விழுந்திருக்கிறது. ஆனால் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன.

இனி ஒவ்வொரு வருஷமும் கச்சான் அடங்கியதும் நாங்கள் இரண்டு பேரும் அங்கே போவோம் மச்சான். கலங்கிய படமானாலும் எடுப்போம். எங்களுக்காக ஒரு குருவியும் எழும்பாது.

உன் தவத்தின் தமையன்,
என்றும் உன் மச்சான்,
ஞானம்